வன்பொருள், நெட்வொர்க்கிங் ஆய்வாளரின் கட்டுரைப் பட்டியலும் மேற்கோள் கணக்கும்: சரியாக எடுப்பது எப்படி

ஒரே ஆய்வாளரின் கட்டுரைகளை மற்றக் கட்டுரைகள் எத்தனை முறை மேற்கோள் காட்டின என்று கேட்டால், கூகுள் ஸ்காலர் ஓர் எண் சொல்லும். ஸ்கோபஸ் தரவுத்தளம் பெரும்பாலும் அதைவிடக் குறைத்துச் சொல்லும். வெப் ஆஃப் சயின்ஸ் இன்னும் கீழே நிற்கும். எதுவும் பொய்க்கணக்கு இல்லை. எதை ஒரு கட்டுரை என்று எடுத்துக்கொள்வது, எந்த மாநாடுகளை உள்ளே விடுவது என்பதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வழக்கம். கணினிக் கட்டமைப்பு, சிப் வடிவமைப்பு, நெட்வொர்க்கிங் துறைகளில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். இங்கே முக்கியமான வேலை பெரும்பாலும் மாநாட்டில்தான் வெளியாகிறது. ஒரே வேலை மூன்று நான்கு இடங்களில் பதிவாகிறது. சில முன்னணி மாநாடுகளின் கட்டுரைகளுக்கு டிஓஐ எண்ணே (கட்டுரைக்குத் தரப்படும் நிரந்தர இணைய அடையாளம்) கிடையாது. அதனால் பட்டியலைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் எண்ண வேண்டும். 80 கட்டுரை உள்ள ஒருவருக்கு இதற்கே ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். எண்ணை எடுக்க அரை நாள் போதும்.

ஆள் யார் என்பதை முடிவு செய்தல்

ஆர்கிட் எண் இருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள். 2012-இல் தொடங்கிய இந்த ஏற்பாட்டில் ஒவ்வொரு ஆய்வாளருக்கும் 16 இலக்க அடையாளம் உண்டு. கடைசி இடம் சரிபார்ப்பு இலக்கம் என்பதால் சிலருக்கு அது ‘எக்ஸ்’ என்ற எழுத்தாகவும் இருக்கும். ஆனால் ஆர்கிட் பக்கத்தை முழுமையான பட்டியல் என்று நம்பிவிடாதீர்கள். ஆய்வாளர் தானே சேர்த்ததும், பதிப்பகம் தானாக அனுப்பியதும் மட்டும்தான் அங்கே இருக்கும். 2012-க்கு முந்தைய கட்டுரைகள் விடுபட்டிருப்பது சகஜம்.

இந்தத் துறைக்கு நம்பத்தக்க முதல் பட்டியல் டிபிஎல்பி என்ற கணினி அறிவியல் கட்டுரைத் தரவுத்தளம். 1993-இல் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் தொடங்கி, இப்போது டாக்ஸ்டூல் மையம் நடத்திவருகிறது. ஒரே பெயரில் பலர் இருந்தால் பெயருக்குப் பின்னால் 0001, 0002 என்று நான்கு இலக்க எண் போட்டுப் பிரிக்கிறார்கள். எண் இல்லாத பொதுப்பக்கம் ஒன்றும் இருக்கும். யாருடையது என்று முடிவாகாத கட்டுரைகள் அங்கேதான் கிடக்கும். உங்கள் ஆளின் பக்கத்தைப் பார்த்ததோடு நிறுத்தாமல் அந்தப் பொதுப்பக்கத்தையும் ஒரு முறை அலசுங்கள். விடுபட்டவை பெரும்பாலும் அங்கே கிடைக்கும்.

முதலெழுத்தை முன்னால் போட்டு எழுதும் பெயர்களில் குழப்பம் கூடுதல். ‘எஸ். குமார்’ என்பவர் ஒரு கட்டுரையில் ‘குமார் எஸ்.’, இன்னொன்றில் முதலெழுத்தை விரித்து முழுப்பெயர், வேறொன்றில் வெறும் ‘குமார்’ என்று இருப்பார். குடும்பப்பெயருக்கும் சொந்தப்பெயருக்கும் தனித்தனிக் கட்டம் வைத்திருக்கும் தரவுத்தளம் இதை மூன்று ஆளாக உடைத்துவிடும். பெயரை மட்டும் வைத்துத் தேடாமல், அடிக்கடி சேர்ந்து எழுதும் இரண்டு மூன்று பேரின் பெயரையும் சேர்த்துத் தேடுவதே இதற்கு மருந்து. வேலை செய்த நிறுவனங்களின் பெயர்களை ஆண்டுவாரியாக ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால், சந்தேகமான கட்டுரையை ஒரே பார்வையில் சேர்க்கலாம், தள்ளலாம்.

சர்க்யூட், டிவைஸ் பக்கம் சாய்ந்த கட்டுரைகள் சில டிபிஎல்பியில் விடுபடும். அவற்றுக்கு ஐஇஇஇ என்ற பொறியாளர் சங்கத்தின் எக்ஸ்ப்ளோர் தளத்தில் தனியாகத் தேட வேண்டும்.

அட்டவணை

டிபிஎல்பி பக்கத்திலிருந்து மொத்தப் பட்டியலையும் பிப்டெக்ஸ் கோப்பாக இறக்கலாம். அதை ஜொட்டீரோ போன்ற குறிப்புச் சேகரிப்பு மென்பொருளில் ஏற்றி, அங்கிருந்து சிஎஸ்வி கோப்பாக எடுத்து எக்செலுக்குக் கொண்டுபோங்கள். கட்டங்கள் இவை: தலைப்பு, ஆண்டு, வெளியான இடம், வகை (மாநாடு, ஆய்விதழ், பட்டறை, முறையாக வெளியாகும் முன் இணையத்தில் போட்ட முன்பதிப்பு), டிஓஐ, பக்கங்கள், மொத்த ஆசிரியர்கள், அதில் இவர் எத்தனையாவது, ‘வேலை எண்’, ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் ஒரு மேற்கோள் கட்டம், எண் எடுத்த தேதி, குறிப்பு.

எக்செல் இங்கே மூன்று வம்பு செய்யும். பக்க எண் ‘1-12’ என்றிருந்தால் அதைத் தேதியாக மாற்றிவிடும். ஆர்கிட் எண்ணைக் கோடு இல்லாமல் ஒட்டினால் கடைசி இலக்கத்தைப் பூஜ்யமாக்கிவிடும், ஏனென்றால் எக்செல் எண்களை 15 இலக்கம் வரைதான் நினைவில் வைக்கும். சிஎஸ்வி கோப்பை இரண்டு முறை சொடுக்கித் திறந்தால் ஐரோப்பியப் பெயர்களின் எழுத்துக்கள் சிதைந்து வரும். மூன்றுக்கும் ஒரே வழிதான்: கோப்பை ‘இம்போர்ட்’ வழியாகத் திறந்து, எழுத்துமுறையை யுடிஎஃப்-8 என்று சொல்லி, எல்லாக் கட்டத்தையும் ‘டெக்ஸ்ட்’ என்று வைத்து ஏற்றுங்கள். மேற்கோள் கட்டங்களை மட்டும் பிறகு எண்ணாக மாற்றிக்கொள்ளலாம்.

ஒரே வேலை, பல பதிவு

கணக்கு கெடுவது பெரும்பாலும் இங்கேதான். மேலே சொன்ன ‘வேலை எண்’ என்ற கட்டம் இதற்காகவே. ஒரே ஆராய்ச்சியின் எல்லாப் பதிவுகளுக்கும் ஒரே வேலை எண் கொடுக்க வேண்டும்.

கணினிக் கட்டமைப்பின் முன்னணி மாநாடான ஐஸ்காவின் பழைய கட்டுரைகளை எடுத்துக்கொள்ளுங்கள். மாநாட்டுத் தொகுப்பில் ஒரு முறையும், ஏசிஎம் என்ற கணினியியல் சங்கத்தின் சிக்ஆர்க் பிரிவுச் செய்திமடலில் அதே பக்கங்கள் மறுமுறையும் அச்சாயின. ரோஹேமர் என்ற நினைவகச் சிப் சிக்கலை வெளிக்கொண்டுவந்த 2014 ஐஸ்கா கட்டுரைக்கு ஐஇஇஇ தந்த டிஓஐ ஒன்று, ஏசிஎம் செய்திமடல் வழியாக வந்த டிஓஐ இன்னொன்று. சொல் மாறாத ஒரே கட்டுரைதான். மேற்கோள் காட்டியவர்களில் சிலர் முதல் எண்ணைப் போட்டார்கள், சிலர் இரண்டாவதை. டிஓஐ பதிவு செய்யும் கிராஸ்ரெஃப் அமைப்பில் இரண்டும் தனித்தனிப் பதிவு, தனித்தனி எண்ணிக்கை. அஸ்ப்ளோஸ் மாநாட்டின் பழைய கட்டுரைகள் இதற்கும் ஒரு படி மேல்: தொகுப்பு, சிக்ஆர்க் செய்திமடல், சிக்பிளான் நோட்டீசஸ் என்று மூன்று இடங்களில் இருக்கும். சிக்காம் என்ற நெட்வொர்க்கிங் மாநாட்டின் கட்டுரைகளும் நெடுங்காலம் அதே பெயருள்ள ஏசிஎம் பிரிவின் சிசிஆர் இதழில் மறுபடி வந்தன. ஒரு டிஓஐயை மட்டும் தேடி எண்ணை எடுத்தால் பாதிக் கணக்கு கையை விட்டுப் போகும்.

அடுத்தது மாநாட்டிலிருந்து ஆய்விதழுக்கு நீளும் வேலை. சோர்ட் என்ற பியர்-டு-பியர் தேடல் முறை 2001-இல் சிக்காம் மாநாட்டில் வந்தது. 2003-இல் ஐஇஇஇ/ஏசிஎம் டிரான்சாக்‌ஷன்ஸ் ஆன் நெட்வொர்க்கிங் இதழில் விரிவாக வந்தது. முதல் தலைப்பில் லுக்கப் ‘சர்வீஸ்’, இரண்டாவதில் லுக்கப் ‘புரோட்டோகால்’. இந்த ஒற்றைச் சொல் வித்தியாசத்தில் தானியங்கிப் பொருத்தம் தடுமாறும். நெட்வொர்க் நெரிசலைக் கையாளும் கோடெல் முறை 2012-இல் ஏசிஎம் கியூ இதழிலும் சிஏசிஎம் இதழிலும் வந்தது. அதே வகையான பிபிஆர் முறை 2016-இல் கியூ, 2017-இல் சிஏசிஎம். கணினிக் கட்டமைப்பில் ஐஇஇஇ மைக்ரோவின் ‘டாப் பிக்ஸ்’ இதழ் ஆண்டுதோறும் முந்தைய ஆண்டின் மாநாட்டுக் கட்டுரைகளில் சுமார் 12-ஐத் தேர்ந்து, அவற்றின் சுருக்க வடிவத்தை வெளியிடுகிறது. அது புது வேலை இல்லை. ஆனால் அப்படித் தேர்வானதே ஒரு கௌரவம் என்பதால் குறிப்புக் கட்டத்தில் எழுதி வையுங்கள்.

எதைச் சேர்ப்பது, எதைப் பிரிப்பது என்பதற்கு நடைமுறையில் இப்படி முடிவெடுக்கலாம். இரண்டு பதிவுகளின் முக்கிய முடிவுப் படங்களை அருகருகே வையுங்கள். படங்கள் அதே, விளக்கம் மட்டும் நீண்டிருக்கிறது என்றால் ஒரே வேலை எண். புதிய சோதனையும் புதிய முடிவும் இருந்தால் தனி எண். ஹாட்நெட்ஸ் பட்டறையில் வரும் ஆறு பக்கக் கட்டுரை ஒரு கருத்தை முன்வைக்கும்; அடுத்து அதே குழு என்எஸ்டிஐ மாநாட்டில் கட்டி முடித்த அமைப்பைக் காட்டும். இவை இரண்டையும் பிரித்து வைப்பதே நியாயம். நான்கு பக்கக் கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர் லெட்டர்ஸ் கட்டுரை பிறகு எச்பிசிஏ மாநாட்டுக் கட்டுரையாக வளர்ந்தால் பெரும்பாலும் சேர்க்கலாம். ஆர்க்ஸைவ் தளத்தில் உள்ள முன்பதிப்பை எப்போதும் வெளியான வடிவத்தோடு சேர்த்துவிடுங்கள். டிபிஎல்பியில் முன்பதிப்புகள் ‘கோர்’ என்ற பெயரில் தனியாக நிற்கும்.

டிஓஐ இல்லாத கட்டுரைகள்

என்எஸ்டிஐ, ஓஎஸ்டிஐ, ஃபாஸ்ட் எல்லாம் யூஸ்நிக்ஸ் சங்கம் நடத்தும் மாநாடுகள்; ஏடிசியையும் அது 2025 வரை நடத்தியது. யூஸ்நிக்ஸ் தன் கட்டுரைகளுக்கு வழக்கமாக டிஓஐ வாங்குவதில்லை. நெட்வொர்க்கிங்கில் சிக்காமுக்குச் சமமாக மதிக்கப்படும் என்எஸ்டிஐயே கிராஸ்ரெஃப் கணக்கில் ஏறக்குறைய காணாமல் போய்விடுகிறது என்று அர்த்தம். டிஓஐயை மட்டும் வைத்து எண்ணும் கருவியில் இரண்டு ஆய்வாளர்களை ஒப்பிட்டால், என்எஸ்டிஐயில் எழுதியவர் தோற்பார். வேலையின் தரத்துக்கும் இந்தத் தோல்விக்கும் சம்பந்தமில்லை.

இன்னொரு பொறி: ஏசிஎம் டிஜிட்டல் நூலகத்தில் யூஸ்நிக்ஸ் கட்டுரைகளின் பதிவுகளும் இருக்கும். அவற்றின் எண் 10.5555 என்று தொடங்கும். பார்வைக்கு டிஓஐ போலவே இருந்தாலும் அது டிஓஐ இல்லை; டிஓஐ தளத்தில் போட்டால் திறக்காது. அட்டவணையில் அப்படி எண் கண்டால் அழித்துவிட்டு, யூஸ்நிக்ஸ் தளத்தில் உள்ள கட்டுரைப் பக்கத்தின் முகவரியைப் போடுங்கள்.

வகைக் கட்டத்திலும் கவனம் தேவை. சிக்மெட்ரிக்ஸ் மாநாட்டுக் கட்டுரைகள் 2017 முதல் பொமாக்ஸ் என்ற ஏசிஎம் இதழில் வருகின்றன. கோநெக்ஸ்ட் மாநாடு 2023 முதல் பிஏசிஎம் நெட்வொர்க்கிங் இதழுக்கு மாறியது. தரவுத்தளம் இவற்றை ‘ஆய்விதழ்’ என்று காட்டும். மாநாடு இத்தனை, இதழ் இத்தனை என்று பிரித்துக் கேட்கும் படிவத்தில் இவற்றை மாநாடு என்றே போட்டு, அடைப்பில் இதழ் பெயரைக் குறிப்பதுதான் நேர்மை. இல்லாவிட்டால் 2017-க்கு முந்தைய சிக்மெட்ரிக்ஸ் கட்டுரை ஒரு வரிசையிலும் பிந்தையது வேறு வரிசையிலும் போய் நிற்கும்.

எண்ணை எங்கே எடுப்பது

கூகுள் ஸ்காலர் அதிகமாக எண்ணும்: மாணவர் ஆய்வேடு, தொழில்நுட்ப அறிக்கை, முன்பதிப்பு, காப்புரிமை எல்லாவற்றிலிருந்தும் மேற்கோளை எடுக்கும். யூஸ்நிக்ஸ் கட்டுரைகளையும் நன்றாகப் பிடிக்கும். அதனால் இந்தத் துறைக்கு முழுமையில் அதுவே முந்தி நிற்கிறது. பிரச்சினை சுத்தத்தில்தான். ஆய்வாளரின் ஸ்காலர் பக்கத்தில் ‘தானாகச் சேர்’ என்ற அமைப்பு இயங்கினால், அதே பெயருள்ள வேறொருவரின் கட்டுரைகள் சத்தமில்லாமல் உள்ளே வந்து உட்காரும். அதை மாற்றி ‘மின்னஞ்சலில் கேட்டுவிட்டுச் சேர்’ என்று வைக்கச் சொல்லுங்கள். மேற்கோள் எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால், அங்கே சேர்க்கப்பட்டவை உண்மையில் ஒரே கட்டுரைதானா என்று ஸ்காலரே சந்தேகப்படுகிறது என்று பொருள். சொடுக்கித் திறந்து பாருங்கள். இணைப்பே இல்லாமல் ‘சைட்டேஷன்’ என்ற முத்திரையோடு மட்டும் வரும் பதிவுகள் யாரோ குறிப்புப்பட்டியலில் தலைப்பைத் தப்பாக அடித்ததால் உண்டானவையாக இருக்கலாம். சரியான கட்டுரையோடு சேர்த்துவிடலாம்.

ஸ்காலரிலிருந்து நிரல் எழுதி மொத்தமாக இறக்க அதிகாரபூர்வ வழி இல்லை. வேகமாகக் கேட்டால் கேப்ட்சா காட்டி நிறுத்திவிடும். ‘பப்ளிஷ் ஆர் பெரிஷ்’ என்ற இலவச மென்பொருள் வழியாக எடுக்கலாம். எப்படி எடுத்தாலும் ஒரு தேடலுக்கு 1000 முடிவுகளுக்கு மேல் ஸ்காலர் காட்டாது. ஒரு கட்டுரைக்கு 3000 மேற்கோள் இருந்தால் ஆண்டுவாரியாகப் பிரித்துக் கேட்க வேண்டும்.

ஸ்கோபஸ் சுத்தம், தன் மேற்கோளை (ஆசிரியர்களே தங்கள் கட்டுரையை மேற்கோள் காட்டுவது) கழிக்கும் வசதி உள்ளேயே உண்டு, சந்தா வேண்டும். வெப் ஆஃப் சயின்ஸில் மாநாட்டுத் தொகுப்புகள் தனி அட்டவணை. உங்கள் நூலகத்தின் சந்தாவில் அந்த அட்டவணை இல்லையென்றால், ஐஸ்கா, மைக்ரோ மாநாடுகளே இல்லாத ஒரு கணினிக் கட்டமைப்பு ஆய்வாளர் கிடைப்பார். அந்த எண்ணைப் பயன்படுத்தாமல் இருப்பதே மேல்.

ஓப்பன் அலெக்ஸ் 2022-இல் தொடங்கியது. மைக்ரோசாஃப்ட் அகாடமிக் கிராஃப் மூடப்பட்ட இடத்தை நிரப்ப வந்த திறந்த தரவு. நிரல் வழியாகக் கேட்கலாம். மேற்கோள் காட்டிய கட்டுரைகளின் முழுப் பட்டியலும் ஆசிரியர் பெயர்களோடு கிடைப்பதால் தன் மேற்கோள் கணக்குக்கும் ஒப்பீட்டுக்கும் இதுவே வசதி. ஆனால் ஆசிரியர் அடையாளத்தைத் தானியங்கி முறையில் ஒட்டுவதால் ஒருவர் இரண்டாக உடைவதும் இருவர் ஒன்றாவதும் நடக்கும். மாநாட்டின் பெயர் காலியாகவோ தப்பாகவோ இருப்பதும் உண்டு.

ஒரே அறிக்கைக்கு ஒரே தரவுத்தளம், ஒரே நாள். கூடிய எண்ணாகப் பார்த்து ஒரு கட்டுரைக்கு ஸ்காலர், இன்னொன்றுக்கு ஸ்கோபஸ் என்று பொறுக்கினால், பிறகு யாராலும் அதைச் சரிபார்க்க முடியாது.

எச்-இன்டெக்ஸ், கையால் ஒரு முறை

இயற்பியலாளர் ஹிர்ஷ் 2005-இல் முன்வைத்த அளவு இது: குறைந்தது எச் மேற்கோள் பெற்ற கட்டுரைகள் எச் எண்ணிக்கையில் இருக்க வேண்டும். மேற்கோள் எண்ணை இறங்குவரிசையில் அடுக்கி, பக்கத்தில் 1, 2, 3 என்று வரிசை எண் போட்டு, மேற்கோள் வரிசை எண்ணுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கும் கடைசி வரியைப் பிடித்தால் போதும்.

சுத்தம் செய்வது இந்த எண்ணை எப்படி ஆட்டுகிறது என்று பாருங்கள். எட்டுப் பதிவுகள்: 48, 31, 22, 9, 7, 7, 6, 1. ஆறாவது வரியில் 7 இருக்கிறது, சரி. ஏழாவதில் 6, போதாது. எச் = 6.

இப்போது 6-உம் 1-உம் ஒரே கட்டுரை, தலைப்பில் எழுத்துப்பிழை என்று தெரிகிறது. சேர்த்தால் 48, 31, 22, 9, 7, 7, 7. எச் = 7 ஆகிவிட்டது.

அடுத்து 22 பெற்ற மாநாட்டுக் கட்டுரையும் 7 பெற்ற இதழ்க் கட்டுரையும் ஒரே வேலை என்று முடிவெடுக்கிறீர்கள். சேர்த்தால் 48, 31, 29, 9, 7, 7. ஆறே வேலைகள்; எச் மறுபடி 6.

மொத்த மேற்கோள் தொடக்கத்திலும் 131, முடிவிலும் 131. குறைந்தது பத்து மேற்கோள் பெற்றவற்றை எண்ணும் ஐ10 மூன்றிலேயே நிற்கிறது. எச் மட்டும் ஏறி இறங்கியது. அதனால்தான் எந்த விதியில் சேர்த்தோம் என்று எழுதாத எச் எண்ணுக்கு மதிப்பில்லை என்கிறோம். இன்னொன்று: 22-ஐயும் 7-ஐயும் கூட்டும்போது, இரண்டு வடிவத்தையும் சேர்த்தே குறிப்பிட்ட கட்டுரைகள் இரண்டு முறை எண்ணப்பட்டிருக்கும். மேற்கோள் காட்டிய கட்டுரைகளின் பட்டியலை எடுத்து இரட்டிப்பை நீக்கினால் 29 என்பது 27 அல்லது 26 ஆகக் கூடும்.

தன் மேற்கோள்

மேற்கோள் காட்டிய ஒவ்வொரு கட்டுரையின் ஆசிரியர் பட்டியலையும் மூலக் கட்டுரையின் ஆசிரியர் பட்டியலோடு ஒப்பிடுங்கள். ஒரு பெயர் பொதுவாக இருந்தாலும் தன் மேற்கோள்தான். இவர் பெயர் இருந்தால் மட்டும் என்று குறுக்கிக்கொண்டால், மாணவர்கள் காட்டியவை தப்பிவிடும். ஒரே கருவியை வைத்து ஆண்டுக்கணக்கில் தொடரும் வன்பொருள் குழுக்களில் தன் மேற்கோள் இயல்பாகவே கூடும். முந்தைய சிமுலேட்டரையும் முந்தைய சிப்பையும் குறிப்பிடாமல் எழுத முடியாது. அதைக் குற்றமாக எடுக்க வேண்டாம். கழித்தது, கழிக்காதது இரண்டையும் போடுங்கள்: ‘131, இணை ஆசிரியர்களை நீக்கினால் 108’.

ஒன்றில் மட்டும் சந்தேகப்படலாம். மேற்கோள்கள் ஒரே ஆண்டில், ஒரே இதழிலிருந்து, உள்ளடக்கத்துக்குச் சம்பந்தமில்லாத கட்டுரைகளிலிருந்து கொத்தாக வந்திருந்தால் அவற்றில் நான்கைந்தைத் திறந்து பாருங்கள். ஒரே வாக்கியத்தில் பதினைந்து கட்டுரைகளை அடுக்கியிருந்தால் காரியம் புரிந்துவிடும்.

எதோடு ஒப்பிடுவது

‘400 மேற்கோள்’ என்று தனியாகச் சொன்னால் அதில் செய்தியே இல்லை. 2008 கட்டுரைக்கு 400 ஒரு மாதிரி, 2022 கட்டுரைக்கு வேறு மாதிரி. இதழ்களின் இம்பாக்ட் ஃபேக்டரைக் கொண்டுவந்து ஒட்டுவது இன்னும் மோசம். அது இதழின் முந்தைய இரண்டு ஆண்டுக் கட்டுரைகள் பெற்ற மேற்கோளின் சராசரி. சிக்காம், ஐஸ்கா போன்ற மாநாடுகளுக்கு அப்படி ஓர் எண்ணே கிடையாது. இந்தத் துறையே ஒரு கட்டுரையை எடைபோட எத்தனை ஆண்டு எடுத்துக்கொள்கிறது என்று பாருங்கள்: ஐஸ்காவின் செல்வாக்குமிக்க கட்டுரை விருது 15 ஆண்டுக்கு முந்தைய மாநாட்டைத் திரும்பிப் பார்க்கிறது, சிக்காமின் டெஸ்ட் ஆஃப் டைம் விருது 10 முதல் 12 ஆண்டு பின்னே போகிறது.

உருப்படியான ஒப்பீடு ஒன்றுதான்: அதே மாநாடு, அதே ஆண்டு. டிபிஎல்பியில் அந்த மாநாட்டின் அந்த ஆண்டு உள்ளடக்கப் பக்கத்திலிருந்து எல்லாத் தலைப்புகளையும் எடுங்கள். ஓப்பன் அலெக்ஸில் மாநாட்டுப் பெயரை வைத்து வடிகட்ட வேண்டாம். மேலே சொன்ன குறையால் பாதி விடுபடும். ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரே தரவுத்தளத்தில் ஒரே நாளில் எண் எடுத்து அடுக்குங்கள். 60 கட்டுரைகளில் இவருடையது 9-ஆவது இடம், நடுமதிப்பு 35, இவருடையது 70 என்று வந்தால் அதுவே ஒரு வாக்கியத்தில் சொல்லத்தக்க செய்தி. சராசரியைத் தவிர்த்து நடுமதிப்பை எடுங்கள். ஒரே ஒரு கட்டுரை ஆயிரக்கணக்கில் வாங்கியிருந்தால் சராசரி எகிறிவிடும். மற்ற எல்லாருமே மட்டமாகத் தெரிவார்கள்.

மாநாட்டின் பெயரை மட்டும் வைத்து எடைபோடுவதும் சறுக்கும். நெட்வொர்க்கை நிரல் வழியாக இயக்கும் ஓப்பன்ஃப்ளோ (2008), பி4 (2014) இரண்டும் சிசிஆர் இதழில் வந்தவை; சிக்காம் மாநாட்டுக் கட்டுரைகள் அல்ல. ஜெம்5 சிமுலேட்டர் கட்டுரை (2011) சிக்ஆர்க் செய்திமடலில் வந்தது. மாநாட்டுத் தரவரிசையில் ஏறாத இடங்கள்தான். துறையை மாற்றியவை என்று யாரும் மறுக்க மாட்டார்கள்.

மேற்கோளைத் திறந்து படிப்பது

அதிகம் பேசப்படும் ஐந்து வேலைகளுக்காவது இதைச் செய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் அண்மைய ஆண்டுகளில் மேற்கோள் காட்டிய கட்டுரைகளில் இருபதை எடுத்து, மேற்கோள் எங்கே வருகிறது என்று பாருங்கள். முன்னுரையில் ‘இத்துறையில் பல வேலைகள் உள்ளன’ என்ற வரியில் எட்டுப் பேரோடு சேர்ந்து வந்தால் அது பின்னணி மேற்கோள். சோதனைப் பகுதியில் ‘இதோடு ஒப்பிட்டோம்’ என்று படத்தில் ஒரு கோடாக வந்தால், அடுத்த தலைமுறை அதைத்தான் தாண்ட வேண்டிய அளவுகோலாக வைத்திருக்கிறது. வன்பொருளில் இதைவிடப் பெரிய சான்று குறைவு. ‘இந்தக் கருவியில் ஓட்டினோம்’ என்பது மூன்றாவது வகை. ஜெம்5 போன்ற சிமுலேட்டர் கட்டுரைகளின் மேற்கோள்கள் பெரும்பாலும் இவ்வகை. பயன்பாட்டைக் காட்டும், கருத்தின் தாக்கத்தைக் காட்டாது. இரண்டையும் கலக்காமல் தனித்தனி வரியில் எழுதுங்கள். செமாண்டிக் ஸ்காலர் மேற்கோள்களைப் பின்னணி, முறை, முடிவு என்று பிரித்துக் காட்டும். முதல் வடிகட்டலுக்கு உதவும், கடைசிச் சொல்லாக எடுக்க வேண்டாம்.

மேற்கோள் எந்தத் துறையிலிருந்து வருகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ரோஹேமர் நினைவகச் சிப் பற்றிய கட்டுரைதான். 2015-இல் அதை வைத்துத் தாக்குதல் செய்து காட்டப்பட்டதும் கணினிப் பாதுகாப்புத் துறை முழுவதும் அதை எடுத்துக்கொண்டது. இப்படித் துறை தாண்டிய பாய்ச்சலை எச்-இன்டெக்ஸ் சொல்லாது.

ஆசிரியர் எண்ணிக்கையும் முக்கியம். கூகுளின் டிபியு சிப்பை விவரித்த 2017 ஐஸ்கா கட்டுரையில் 70-க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள். அவர்களில் ஒவ்வொருவர் கணக்கிலும் முழு மேற்கோளும் ஏறும். அட்டவணையில் ஆசிரியர் எண்ணிக்கைக் கட்டம் இருப்பது இதற்குத்தான். சிஎஸ்ரேங்கிங்ஸ் தளம் ஒரு கட்டுரையை ஆசிரியர்களுக்குச் சமமாகப் பங்கிடுகிறது, நால்வர் என்றால் ஆளுக்கு 0.25. இந்தத் துறைகளில் வேலை செய்த மாணவர் முதலிலும் வழிகாட்டி கடைசியிலும் வருவது பொது வழக்கம், ஆனால் எழுதாத வழக்கம்தான். இடத்தை மட்டும் பார்த்துப் பங்கைத் தீர்மானிக்காமல் ஆய்வாளரையே ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள்.

கட்டுரைக்கு வெளியே

நெட்வொர்க்கிங்கில் தாக்கம் ஆர்எஃப்சி என்ற இணைய நெறிமுறை ஆவணங்களில் போய் நிற்கும். க்விக் நெறிமுறை 2017-இல் சிக்காம் கட்டுரையாக வந்து 2021-இல் ஆர்எஃப்சி 9000 ஆனது. கோடெல் 2018-இல் ஆர்எஃப்சி 8289. இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பின் டேட்டாட்ராக்கர் தளத்தில் ஒவ்வொரு ஆர்எஃப்சிக்கும் ‘இதைக் குறிப்பிடுபவை’ என்ற பட்டியல் உண்டு. அதில் நெறிமுறைக்கே தேவையான மேற்கோளும் வெறும் தகவல் மேற்கோளும் பிரித்துக் காட்டப்படும். முதல் வகைக்குத்தான் கனம். ஆர்எஃப்சியில் ஆசிரியராக இருப்பதும், நன்றி சொல்லும் பகுதியில் பெயர் வருவதும் வேறு வேறு. இரண்டையும் ஒரே தலைப்பில் எண்ணாதீர்கள்.

காப்புரிமைகளில் ஒரே கண்டுபிடிப்பைப் பல நாடுகளில் பதிந்திருப்பார்கள். அந்தப் பதிவுகள் எல்லாம் சேர்ந்த ‘குடும்பத்துக்கு’ ஒன்று என்று எண்ணுங்கள். ஸ்காலர் பக்கம் இவற்றைக் கட்டுரைகளோடு கலந்து காட்டும். அட்டவணையில் தனித்தாளுக்கு மாற்றிவிடுங்கள். மேற்கோளைப் பார்க்கும்போது, விண்ணப்பித்தவர் தானே குறித்ததையும் காப்புரிமைப் பரிசோதகர் குறித்ததையும் பிரியுங்கள்.

நிரலும் தரவும் வெளியிட்ட கட்டுரைகளுக்கு ஏசிஎம் தரும் ஆர்ட்டிஃபேக்ட் முத்திரைகள் இருந்தால் அதையும் ஒரு கட்டமாகச் சேர்க்கலாம். 2020-இல் ஏசிஎம் இதன் சொல் வழக்கை மாற்றியது: ‘ரீப்ரொட்யூஸ்டு’, ‘ரெப்ளிகேட்டட்’ என்ற இரண்டு சொற்களும் பொருளில் இடம் மாறின. பழைய கட்டுரையின் முத்திரையை இன்றைய பொருளில் படித்துவிடாதீர்கள்.

எழுதித் தருவது

அறிக்கையின் முதல் பத்தி இந்த வடிவில் இருந்தால் போதும்: ‘கூகுள் ஸ்காலர், இன்ன தேதி. டிபிஎல்பி பட்டியலில் 94 பதிவுகள். மாநாடு, இதழ், முன்பதிப்பு வடிவங்களைச் சேர்த்தபின் 71 வேலைகள். மொத்த மேற்கோள் இவ்வளவு, இணை ஆசிரியர்களை நீக்கினால் இவ்வளவு. சேர்த்த விதி: முக்கிய முடிவுகள் ஒன்றே என்றால் ஒரே வேலை.’ அதன்பின் மூன்று முதல் ஐந்து வேலைகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு வரி: என்ன சிக்கல், என்ன தீர்வு, அதே மாநாட்டில் அதே ஆண்டில் எந்த இடம், யார் எதற்காக எடுத்துக்கொண்டார்கள். எச் எண்ணைக் கேட்டிருந்தால் கடைசியில் போடுங்கள், கேட்காவிட்டால் விட்டுவிடலாம். தனி ஆய்வாளரை இதழ் அளவுகோலால் எடைபோடக் கூடாது என்ற டோரா பிரகடனத்தில் கையெழுத்திட்ட நிறுவனங்கள் அதைக் கேட்காமலே இருக்கக்கூடும். விண்ணப்பப் படிவத்தின் விதிகளை முதலில் படித்துவிடுங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதுப்பித்தால் போதும். புதுப்பிக்கும்போது பழைய எண்ணின் மேல் எழுதாமல் புதிய தேதியோடு புதுக் கட்டம் சேர்த்து, இரண்டையும் கழித்துப் பாருங்கள். ஒரு கட்டுரையின் எண் குறைந்திருந்தால் ஸ்காலர் எங்கோ பதிவுகளைப் பிரித்திருக்கிறது அல்லது நீக்கியிருக்கிறது. திடீரென்று இரண்டு மடங்கானால் வேறொருவரின் கட்டுரை ஒட்டிக்கொண்டிருக்கலாம். அந்த வரிகளை மட்டும் திறந்து சரிசெய்துவிட்டு, என்ன மாற்றினீர்கள் என்பதைக் குறிப்புக் கட்டத்தில் தேதியோடு எழுதி வையுங்கள்.